ஆண்டாய்வுக்கு முன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்

கல்வித் துறை பள்ளியை ஆண்டுதோறும் பார்வையிடும் ஆண்டாய்வுக்கு வரும் அலுவலர் வகுப்புக்குள் நுழைந்ததும் என்ன செய்வார் என்று எங்கள் பள்ளியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பிள்ளைகளின் வணக்கத்தை வாங்கிக்கொண்டு நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டுவார், கரும்பலகையைப் பார்ப்பார், நாம் பேசுவதைக் கேட்பார். பத்தாம் வகுப்பு அறையையும் அறிவியல் ஆய்வகத்தையும் தயார் செய்யும் பொறுப்பு இந்தத் தடவை எனக்கு வந்தது. கோலம், தோரணம், வரவேற்பு இதையெல்லாம் மற்ற டீச்சர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் கடைசி பெஞ்சிலிருந்து வேலையைத் தொடங்கினேன். அங்கே எது தெரியவில்லையோ, எது கேட்கவில்லையோ, அதெல்லாம் என் வேலைப் பட்டியலில் சேர்ந்தது. அரசு உயர்நிலைப் பள்ளியில் இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று செய்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

கரும்பலகை

எங்களுடையது பழைய கட்டடம். சுவரிலேயே சிமென்ட் பூசிக் கறுப்படித்த பலகை. முன்னால் நின்று பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. கடைசி பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால், வலப்பக்க ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் பட்டுப் பலகையின் கால்வாசி வெள்ளையாக மின்னியது. அங்கே எழுதிய ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. அந்த ஓரத்தில் உட்காரும் பிள்ளைகள் ஏன் எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறார்கள் என்று அப்போது விளங்கியது.

காரணம் பெயிண்ட். கடைசியாக அடித்தவர் சாதாரணக் கறுப்பு எனாமல் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். எனாமல் பளபளக்கும், சாக்பீஸ் அதில் வழுக்கும். பலகைக்கென்றே மினுமினுப்பு இல்லாத பிளாக்போர்டு பெயிண்ட் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய எனாமலை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுப்பதுதான் இதில் பெரிய வேலை. பளபளப்பு முழுக்கப் போய், கையால் தடவினால் சொரசொரப்பு தட்டும் வரை தேய்க்க வேண்டும். அங்கங்கே பெயர்ந்திருந்த குழிகளில் பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்துச் சமன் செய்தோம். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு முதல் கோட்டைக் குறுக்குவாட்டிலும், அது காய்ந்ததும் இரண்டாவது கோட்டை மேலிருந்து கீழாகவும் அடித்தோம். இப்படி மாற்றி அடித்தால் பிரஷ் தடம் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலையில் அடித்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காய்வதற்குக் கிடைக்கும்.

காய்ந்த பலகையில் உடனே எழுதிவிடக் கூடாது. ஒரு சாக்பீஸைப் படுக்கை வாட்டில் பிடித்துப் பலகை முழுவதும் பூசித் தேய்த்துவிட்டு டஸ்டரால் துடைக்க வேண்டும். பெயிண்டின் நுண்ணிய துளைகளில் சுண்ணத்தூள் ஏறி அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் எழுதினால் முதலில் எழுதிய எழுத்தின் தடம் அப்படியே தங்கிவிடும், எத்தனை தடவை துடைத்தாலும் போகாது. நான் படித்த காலத்தில் கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்து அரைத்து, வெள்ளிக்கிழமைதோறும் நாங்களே பலகையில் தேய்ப்போம். காசு செலவில்லாத நல்ல வழி அது. சில ஊர்களில் ஊமத்தை இலையையும் இதற்குப் பயன்படுத்துவார்கள். ஊமத்தை விஷச்செடி, பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

பலகை சரியானதும் வெவ்வேறு அளவில் எழுதிப்போட்டுக் கடைசி பெஞ்சிலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்று விரல் அகல உயரத்துக்குக் குறைந்த எழுத்து சிரமப்படுத்துகிறது. வெள்ளையும் மஞ்சளும் தெளிவாகத் தெரிகின்றன. சிவப்பும் நீலமும் கறுப்பில் அமுங்கிப்போகின்றன. மின்சுற்றுப் படத்தில் கம்பியை வெள்ளையிலும் மின்னோட்டத்தின் திசையை மஞ்சளிலும் போடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

பதிவேடுகள்

இதைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தவரை விஷயம் ஒன்றுதான்: ஏதாவது ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எல்லா ஏடும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பாடக்குறிப்பேட்டில் இந்த வாரம் ஓம் விதி (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் பாடம்) என்று இருந்தால், பணி முடிப்புப் பதிவேட்டில் அதே வாரம் அது முடிந்திருக்க வேண்டும். பிள்ளையின் நோட்டில் அந்தத் தேதி இருக்க வேண்டும். அடுத்து வைத்த தேர்வின் மதிப்பெண், தேர்வு நோட்டிலும் மதிப்பெண் பதிவேட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அனுபவமுள்ள அலுவலர்கள் ஏடுகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரு நோட்டைக் கையில் எடுத்து, அதிலிருந்து பின்னோக்கிப் போவார்கள்.

நோட்டுத் திருத்தத்தில் அவர்கள் தேடுவது சிவப்பு மையை அன்று, பிள்ளை தன் பிழையைத் திருத்தித் திரும்ப எழுதியிருக்கிறதா என்பதைத்தான். 'மின்தடை' என்பதை 'மிந்தடை' என்று எழுதியதன் மேல் டிக் போட்டிருந்தால் அதைவிடத் திருத்தாமலே விடலாம். ஆய்வுத் தேதி தெரிந்த பிறகு மூன்று மாத நோட்டுகளையும் இரவோடு இரவாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே மையில், ஒரே சாய்வில், பழைய தேதிகளோடு இருக்கும் அந்தக் கையெழுத்துகளால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. இருக்கிற நேரத்தில் வாரத்துக்கு ஒரு பாடத்தை உருப்படியாகத் திருத்தி, பிழைகளைத் திரும்ப எழுதச் சொல்வது மேல்.

பாடக்குறிப்பு எழுதும் படிநிலைகள் நம் எல்லோருக்கும் மனப்பாடம்: அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல், எழுதுதல், தொடர்பணி. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதி நிரப்பிவிடலாம். நான் வலுவூட்டலையும் குறைதீர் கற்பித்தலையும் மட்டும் விரிவாக எழுதினேன். பாடம் எங்கே தட்டும் என்று முன்கூட்டியே யோசிக்க வைப்பவை அந்த இரண்டும்தான். எங்கே தட்டும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். அதற்காக ஆய்வகத்துக்குப் போனேன்.

ஓம் விதிக்கு ஒரு மேசை

பத்தாம் வகுப்பு அறிவியலில் கருத்தியலுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். செய்முறையில் 15 எடுக்காமல் தேர்ச்சி இல்லை. கம்பியின் மின்தடை எண் (கம்பி செய்த பொருள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) காண்பது அதில் வரும் சோதனைகளில் ஒன்று. ஓம் விதிப் பாடத்துக்கும் அதே கருவிகள்தான் வேண்டும். அதனால் ஆய்வுக்கு எடுத்த பாடம், ஆய்வு முடிந்த பிறகும் பிள்ளைகளுக்கு நேராக உதவப்போகிற பாடமாகவே அமைந்தது.

அலமாரியில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர், மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட்மீட்டர், சுற்றை மூடவும் திறக்கவும் உதவும் செருகுசாவி, இணைப்புக் கம்பிகள் எல்லாம் இருந்தன. இருப்புப் பதிவேட்டிலும் சரியாக இருந்தன. சுற்றை இணைத்துச் சாவியைப் போட்டால் முள் அசையவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எல்லாக் கம்பியையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இரண்டு மீட்டரையும் சேர்த்துப் பார்த்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். அம்மீட்டர் சுழி (0), வோல்ட்மீட்டரும் சுழி என்றால், சோதனைக் கம்பிக்கு வெளியே எங்கோ சுற்று அறுந்திருக்கிறது: மின்கலப் பெட்டி, சாவி, இணைப்புக் கம்பி. அம்மீட்டர் சுழி காட்டும்போது வோல்ட்மீட்டர் மட்டும் மின்கலத்தின் முழு வோல்ட்டையும் காட்டினால், சோதனைக் கம்பியோ அதன் முனைப் பிடிப்போதான் அறுந்திருக்கிறது. முள் சுழிக்குப் பின்னால் போனால் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருக்கின்றன. இதை ஒரு அட்டையில் எழுதி மேசை மேல் ஒட்டிவிட்டேன். இந்த அட்டையைப் பார்த்தே பிள்ளைகள் இப்போது தாங்களாகப் பழுது கண்டுபிடிக்கிறார்கள்; செய்முறைத் தேர்வில் பதறி நிற்க வேண்டியதில்லை.

எங்கள் சுற்றில் இரண்டும் சுழி. செருகுசாவியின் பித்தளை கறுத்துக் களிம்பேறியிருந்தது. சாவியின் தண்டையும் அது செருகும் குழியையும் உப்புத்தாளால் தேய்த்ததும் முள் எழுந்தது. இணைப்புக் கம்பிகளின் நுனிகளையும் செம்பு மினுங்கும் வரை தேய்த்து, பிரிந்திருந்த இழைகளை முறுக்கிவிட்டேன். அம்மீட்டரின் முள் சுழியில் நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றது. அதன் முகப்பில் முள்ளுக்குக் கீழே சிறிய திருகு ஒன்று இருக்கும். மீட்டரை எந்த வாட்டில் வைத்து அளக்கப்போகிறோமோ அந்த வாட்டிலேயே வைத்து, சுற்றை இணைக்காமல், சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் திருகை மெதுவாகத் திருப்பினால் முள் சுழிக்கு வந்துவிடும். மீட்டர் பழுது என்று ஒதுக்கி வைத்தவற்றில் பாதிக்கு இதுதான் நோய்.

கம்பியின் விட்டத்தை அளக்கும் திருகு அளவியிலும் சிறு வேலை இருந்தது. இரண்டு முகங்களுக்கும் நடுவே தூசி ஒட்டியிருந்தால் மூடும்போது சுழியில் நிற்காது. நல்ல வெள்ளைத்தாளை நடுவில் வைத்து லேசாக மூடி, தாளை இழுத்து எடுத்தால் தூசி தாளோடு வந்துவிடும். அதற்குப் பிறகும் நிற்காதது உண்மையான சுழிப்பிழை. தலைக்கோலின் (சுழலும் அளவுகோல்) சுழி, புரிக்கோலின் (நிலையான அளவுகோல்) அச்சுக்கோட்டுக்குக் கீழே நின்றால் நேர்ப்பிழை, கழிக்க வேண்டும். 0.45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் 0.02 மில்லிமீட்டர் பிழை விட்டால் பரப்பு ஏறத்தாழ 9 சதவீதம் மாறிப்போகும். விட்டம் இருபடியாகப் பெருகுவதால் வரும் வினை இது. சுழித்திருத்தம் என்ற பத்தியை அட்டவணையில் சும்மா நிரப்பும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் அடுத்த தடவை கவனமாகப் பார்க்கிறார்கள்.

26 கேஜ் (கம்பியின் பருமனைக் குறிக்கும் எண்) நிக்ரோம் கம்பியில் ஒரு மீட்டர் எடுத்து மர அளவுகோலின் மேல் இழுத்துக் கட்டினேன். அதன் மின்தடை ஏறத்தாழ 7 ஓம் வரும். இரண்டு உலர் மின்கலங்களோடு இணைத்ததும் வோல்ட்மீட்டர் 2.6, அம்மீட்டர் 0.38. சரி, கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால்? பாதி மின்தடை, அதனால் இரு மடங்கு மின்னோட்டம், 0.76 என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். முதலைக் கவ்வியை 50 சென்டிமீட்டருக்கு நகர்த்தினேன். வந்தது 0.68.

இந்த இடத்தில்தான் பாடம் எனக்குக் கிடைத்தது. வோல்ட்மீட்டரைப் பார்த்தால் அதுவும் 2.6-லிருந்து 2.3-க்கு இறங்கியிருந்தது. மின்கலத்துக்குள்ளேயும் ஒரு மின்தடை இருக்கிறது. அதிக மின்னோட்டம் இழுக்கும்போது மின்கலம் தன் வோல்ட்டில் கொஞ்சத்தை உள்ளேயே இழந்துவிடுகிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள்: 2.6-ஐ 0.38-ஆல் வகுத்தால் 6.8. 2.3-ஐ 0.68-ஆல் வகுத்தால் 3.4. அச்சாகப் பாதி! மின்னோட்டம் இரு மடங்காகவில்லை, கம்பியின் மின்தடை மட்டும் சரியாகப் பாதியாகியிருக்கிறது. மின்தடை என்பது இரண்டு மீட்டரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. வலுவூட்டல் பகுதியில் இதையே எழுதினேன்: பிள்ளைகள் முதலில் ஊகிக்கட்டும், பொருந்தாமல் போகட்டும், வோல்ட்மீட்டரை அவர்களே தேடிப் பார்க்கட்டும்.

ஓம் இதே சிக்கலில் மாட்டியவர்தான். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளிக்கூடத்தில் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தபடியே, அந்தப் பள்ளியின் ஆய்வகத்தில் சோதனைகள் செய்தார். அக்கால மின்கலங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே சோர்ந்துபோயின. அதனால் மின்கலத்தை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த வெப்ப இரட்டையின் (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் தரும் உலோக இணைப்பு) ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார். 1827-இல் அவர் புத்தகம் வெளிவந்தது. நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர், நம்மைப் போலவே சோர்ந்துபோகும் மின்கலத்தோடு போராடியவர் என்று சொன்னபோது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை, அப்படிக் கேட்டார்கள். மின்கலம் சோராமல் இருக்க நாங்கள் செய்தது எளிமையானது: அளவீடு எடுக்கும்போது மட்டும் சாவி, எடுத்ததும் திறந்துவிடுவது.

ஆய்வகத்தின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமிலப் புட்டிகளின் பெயர்ச்சீட்டுகளை ஆவி அரித்துவிடும். பென்சிலால் எழுதி ஒட்டி, மேலே மெழுகு தடவினால் நெடுநாள் நிற்கும். அடர் அமிலங்களை அலமாரியின் கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியில் காலாவதித் தேதி, தீயணைப்பானில் மானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்பது, மணல் வாளியில் மணல் இருக்கிறதா என்பது, இந்த மூன்றையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பிள்ளைகள்

ஆய்வு நாளில் எடுக்கப்போகும் பாடத்தை முந்தின நாளே ஒரு தடவை நடத்தி, யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்க வேண்டும் என்று பழக்கி வைக்கும் வழக்கம் உண்டு. நான் அதைச் செய்யவில்லை. கேள்வி முடிவதற்குள் விடை வந்துவிட்டால், கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு அது புரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, 0.68 என்று முள் நிற்கும்போது பிள்ளையின் முகத்தில் வரும் திகைப்பு ஒரு தடவைதான் வரும். அதை ஒத்திகையில் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. மீட்டரை எப்படிப் படிப்பது, முள்ளுக்கு நேர்மேலிருந்து ஏன் பார்க்க வேண்டும், சுற்றை எப்படி இணைப்பது என்பதை மட்டும் எல்லோருக்கும் கை பழகும்வரை செய்ய வைத்தேன்.

மெல்லக் கற்கும் பிள்ளைகளை அன்று வர வேண்டாம் என்று சொல்வதும், கண்ணில் படாத இடத்தில் உட்கார வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. இதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். பள்ளிக்கு வராதே என்று ஆசிரியர் வாயால் கேட்ட பிள்ளை, பிறகு தானாகவே வராமல் போவதற்கு எவ்வளவு நாள் ஆகும்? எங்கள் வகுப்பில் எல்லோரையும் வரச் சொன்னோம். வாசிக்கத் தடுமாறும் பையன் ஒருவன் கம்பி இணைப்பதில் கெட்டிக்காரன். அவன் அப்பாவோடு மோட்டார் ரிவைண்டிங் கடையில் உட்கார்ந்து பழகியவன். மேசைக்கு அவனையே பொறுப்பாக வைத்தேன். வெறும் பெயருக்காக இல்லை, அந்த வேலைக்கு வகுப்பிலேயே அவன்தான் தகுந்தவன்.

ஆய்வு

அன்று காலை பலகையின் மூலையில் நாள், வகுப்பு, பாடம், பதிவு, வருகை எல்லாம் எழுதியாயிற்று. மேலே குறள். வருகைப் பதிவேட்டிலும் பலகையிலும் எண் ஒன்றுதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஆய்வுக் குழுவில் அறிவியலுக்கு வந்தவர் வேறு பள்ளியின் தலைமை ஆசிரியை. எதிர்பார்த்தபடியே கடைசி பெஞ்சுக்குப் போனார், இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.

பாடம் போட்ட திட்டப்படி போனது என்று சொல்ல முடியாது. 0.76 என்று எல்லோரும் கத்திவிட்டு, 0.68-ஐப் பார்த்ததும் "டீச்சர், கவ்வி சரியா உக்காரலை" என்றாள் ஒரு பெண். நல்ல சந்தேகம், கவ்வியைத் தேய்த்து மறுபடி வைத்துப் பார்த்தோம். அதே 0.68. அடுத்து அளவுகோலைச் சந்தேகப்பட்டார்கள். அதையும் அளந்தோம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. மேசையில் நின்ற பையன்தான் வோல்ட்மீட்டரைக் காட்டி, "டீச்சர், இதுவும் எறங்கிருச்சு" என்றான். பின்னால் இருந்து அந்த அம்மா எழுந்து வந்து, "ஏன் தம்பி எறங்குச்சு?" என்று கேட்டார். "எங்க கடையில பெரிய மோட்டாரப் போட்டா லைட்டு மங்கும்ல, அது மாதிரிங்கம்மா" என்றான். கம்பிகளில் ஏற்படும் வோல்ட் இழப்பு அது. மின்கலத்தின் உள்ளே நடப்பதும் அதே கணக்குதான். மதிப்பீட்டுக்கும் தொடர்பணிக்கும் நேரம் போதவில்லை. மறுநாள் முடித்துக்கொண்டேன்.

குறிப்பில் அவர் எழுதியவை: ஒன்பதாம் வகுப்புக்கும் செய்முறைப் பதிவேடு தொடங்க வேண்டும், நோட்டுகளில் படங்களுக்குப் பாகம் குறிப்பது சீராக இல்லை, பழுது காணும் அட்டையை மற்ற சோதனைகளுக்கும் தயாரிக்கலாம். மூன்றும் நியாயமானவை. முதல் இரண்டுக்கும் குறை நிவர்த்தி அறிக்கையில் தேதி குறித்து எழுதிக் கொடுத்துவிட்டோம். அட்டைகளில் குவிலென்சுக்கானதை இந்த வாரம் தொடங்கியிருக்கிறோம். பிம்பம் திரையில் விழவில்லை என்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளே எழுதுகிறார்கள். லென்ஸ் தாங்கிகளில் ஒன்று ஆடுகிறது. அதற்கு மரத்தில் அடிக்கட்டை ஒன்று போட வேண்டும்.